இளைத்துப்போன பைன் மரங்கள்

புதுக்கோட்டையில் பைன் மரம் வளர்த்தேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் இன்றைக்கும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "பனை மரங்களா மேடம்?" என்று திருத்திக் கேட்பார். பனை இல்லை, பைன்தான். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் மரத்துக்கு உறவுக்கார மரம், வெப்பத்தைக் கொஞ்சம் தாங்குகிற இனம். கறம்பக்குடி போகிற வழியில், சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்மண்ணும் சரளையுமாகக் கிடந்த நிலத்தில் அதை நட்டு, ஓய்வு பெறும்வரை அதன் பின்னாலேயே அலைந்தேன்.

மர ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் சாதனைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அவை எல்லாம் கோப்பில் இருக்கின்றன, பொழுது போகாவிட்டால் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது வேறு. என் பணிக்காலத்தில் மூன்றே மூன்று வாரம் நான் புகழோடு இருந்தேன். அந்தப் புகழ் எப்படி வந்தது, ஒரே காலைப்பொழுதில் எப்படிப் போனது என்பதைச் சொல்கிறேன்.

சோதனை எளிமையானது. தோட்டத்தை இரண்டு பாதியாகப் பிரித்திருந்தோம். ஒரு பாதியில் ஒன்று விட்டு ஒரு மரத்தை வெட்டி எடுத்து, மிச்ச மரங்களுக்கு இடம் விட்டிருந்தோம். இன்னொரு பாதியை நெருக்கமாகவே விட்டுவிட்டோம். இடம் கிடைத்த மரம் சீக்கிரம் பருக்குமா, நம் மண்ணில் அதற்குப் பலன் உண்டா என்பதுதான் கேள்வி. வருடத்துக்கு ஒருமுறை, மழை ஓய்ந்த பிறகு, ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து பதிவேட்டில் எழுதுவோம்.

முதல் இரண்டு வருடம் அளந்தவள் செல்வமேரி. ஆவூர்ப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்துவிட்டுத் தினக்கூலிக்கு வந்தவள். நாலே முக்கால் அடி உயரம் இருப்பாள். வேகமோ இரண்டு ஆள் வேகம். மரத்துக்கு எண் போட்டிருந்தாலும் எண்ணோடு நிறுத்த மாட்டாள். "நாப்பத்தொண்ணு நல்லா இருக்கான் மேடம், நாப்பத்திரெண்டுதான் சோறு திங்க மாட்டேங்குறான்" என்பாள். பிறகு திருச்சியில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

அவள் இடத்துக்கு வந்தவர் பழனியப்பன். திருக்கோகர்ணத்துக்காரர், ஆறடிக்கு மேல். டவுன் பஸ்ஸில் கழுத்தை மடக்கிக்கொண்டே வந்து, இறங்கிய பிறகும் கொஞ்ச தூரம் அப்படியே நடப்பார். மூன்றாவது வருட அளவை அவர் எடுத்தார். அன்று மாலை பழைய பதிவேட்டையும் புதிய பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் எண்கள் மாறவில்லை.

மரங்கள் இளைத்திருந்தன.

ஒன்று இரண்டு இல்லை, கிட்டத்தட்ட எல்லாமே. போன வருடத்தைவிட இந்த வருடம் சுற்றளவு குறைவு. ஆடு இளைக்கும், மாடு இளைக்கும், மனிதர்கள் இளைப்பதற்குக் காசு கட்டிக்கூட நடக்கிறார்கள். மரம் இளைத்து நான் பார்த்ததில்லை. மறுநாள் பழனியப்பனையே கூட்டிக்கொண்டு போய்ப் பத்து மரங்களைத் திரும்ப அளக்கச் சொன்னேன். எண்கள் அப்படியே வந்தன. சரிபார்த்துவிட்டேன் என்று மனநிறைவோடு திரும்பினேன். அளந்தவரையே அளக்கச் சொல்வது எந்த வகைச் சரிபார்ப்பு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நீங்களாவது யோசியுங்கள்.

அந்த வருடம் மழை பொய்த்திருந்தது. கடும் வறட்சியில் மரத்தண்டு நூலளவு சுருங்கும் என்று எங்கோ படித்திருந்தேன். நூலளவு என்பதை மறந்துவிட்டேன், சுருங்கும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து "வறட்சிக்காலத் தண்டுச் சுருக்கம்" என்று ஓர் அறிக்கை எழுதினேன். எப்படிப்பட்ட அறிக்கை தெரியுமா! வேர், மண், சரளை, காற்று, வெயில் எல்லாம் அதில் உண்டு. வளைகோடுகள் உண்டு. எழுதி முடித்து நானே இரண்டு தடவை ரசித்துப் படித்துவிட்டு மேலிடத்துக்கு அனுப்பினேன்.

பழனியப்பனுக்கு இதில் தனிக்கருத்து இருந்தது.

"கண்ணு பட்டுருச்சு மேடம். கல்யாண ஜோடிகள உள்ள விடாதீங்கன்னு அப்பவே சொன்னேன். வாரவங்க எல்லாம் மரத்தக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு, 'ஐயோ, கொடைக்கானல் மாதிரியே இருக்கே'ன்னு வாயப் பொளக்குறாங்க. மரம் எப்பிடிங்க தேறும்?"

அது உண்மைதான். கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் ஜோடிகளுக்கு எங்கள் தோட்டம் எப்படியோ தெரிந்துபோய், ஞாயிற்றுக்கிழமைகளில் டிரோன் பறக்கும் அளவுக்கு ஆகியிருந்தது. பழனியப்பன் தன் சொந்தச் செலவில், நாக்கைத் தொங்கவிட்ட ஒரு திருஷ்டி பொம்மையை வாங்கிவந்து கேட்டில் கட்டினார். நான் சிரித்தேன். இப்போது யோசித்தால், என் கருத்துக்கு இருந்த ஆதாரமும் அவர் கருத்துக்கு இருந்த ஆதாரமும் ஒரே அளவுதான்.

அறிக்கை மேலே போனதும் போன் வரத் தொடங்கியது. எங்கள் இயக்குநர் பாராட்டினார். முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து ஆய்வாளர்கள் நகல் கேட்டார்கள். ஒரு கல்லூரியில் உரையாற்றக் கூப்பிட்டார்கள். நான் கண்ணாடி முன்னால் நின்று, "நண்பர்களே, மரம் நின்ற இடத்திலேயே தன்னைச் சிக்கனப்படுத்திக்கொள்கிறது" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவதுபோல ஒரு செய்தி வந்தது. வடநாட்டு மலைகளில் வாழ்நாள் முழுவதும் பைன் மரத்தோடு இருந்த ஒரு நிபுணர், எங்கள் தோட்டத்தைப் பார்க்க நேரில் வருகிறார். தஞ்சாவூர்க்காரர், கண்டிப்பானவர் என்று பெயர். கூடவே தோட்டத்துக்குப் பணம் ஒதுக்கும் கமிட்டியின் உறுப்பினர்கள் இருவர். பார்த்துவிட்டு, தோட்டத்தைத் தொடர்வதா, மூடிவிட்டு அந்த இடத்தில் தைல மரம் நடுவதா என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள்.

அவர்கள் வரும் நாள் காலையில் நான் புதுப்புடவையில் தோட்டத்துக்குப் போனேன். இளநீர்க் குலை ஒன்று நிழலில் தயாராக இருந்தது. வரும்போது செய்துகாட்ட வேண்டுமே என்று பழனியப்பன் நாற்பத்தொன்றாம் மரத்தில் டேப்பைச் சுற்றி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கேட்டைத் தாண்டி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் செல்வமேரி. பட்டுப் பாவாடை தாவணி, குதிகால் உயர்ந்த செருப்பு, கையில் தாம்பாளம், அதில் கல்யாணப் பத்திரிகை.

"மேடம், அவசியம் வரணும். வரலன்னா நான் கோயில்ல ஏற மாட்டேன், ஆமா!" என்று பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டு, மரங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். பார்வை பழனியப்பனிடம் வந்து நின்றது.

"என்னண்ணே, டேப்ப அங்கிட்டு எங்க கொண்டுபோய்ச் சுத்தியிருக்கீங்க? அது மரத்தோட கழுத்துல்ல?"

"கழுத்தா? மார்பு உயரத்துல அளக்கச் சொல்லித்தான் மேடம் சொல்லிக்கொடுத்தாங்க. எனக்கு மார்பு இங்கதான் ஆத்தா இருக்கு."

"எனக்கு இங்கதான இருக்கு!"

அவள் மரத்தின் மறுபக்கம் போய் நின்று, தன் நெஞ்சுக்கு நேராக உள்ளங்கையை மரத்தில் வைத்தாள். அவர் கை மேலே, இவள் கை கீழே. நடுவில் ஒரு சாணும் நாலு விரலும் வெற்றுத் தண்டு.

நான் அந்த வெற்றுத் தண்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரம் மேலே போகப் போக மெலியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு வருடம் குட்டைப் பெண் கீழே அளந்தாள், மூன்றாம் வருடம் நெட்டை மனிதர் மேலே அளந்தார். மரம் எங்கே இளைத்தது?

மார்பு உயரம் என்றால் யாருடைய மார்பும் இல்லை. தரையிலிருந்து நூற்று முப்பத்தேழு சென்டிமீட்டர். அதற்கென்று சரியான உயரத்தில் வெட்டிய ஒரு கம்பு எங்களிடம் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் வருடம் செல்வமேரிக்குச் சொல்லிக்கொடுத்தபோது, அந்தக் கம்பை எடுத்துவரச் சோம்பல்பட்டு, என் நெஞ்சில் தட்டி, "மார்பு உயரத்துல அளக்கணும்" என்றேன். பழனியப்பனிடமும் அதே நெஞ்சைத் தட்டினேன். இரண்டு பேரும் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள்.

அறிக்கை கண்முன்னால் வந்தது. வளைகோடுகள் வந்தன. "மரம் தன்னைச் சிக்கனப்படுத்திக்கொள்கிறது" வந்தது. அதோடு எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சரளைமேல் புதுப்புடவையோடு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பழனியப்பன் பதறிப்போய், "மேடத்துக்கும் பட்டுருச்சு" என்று திருஷ்டி பொம்மை இருந்த கேட் பக்கம் ஓடினார். செல்வமேரி என் முதுகைத் தடவி, "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா மேடம்?" என்று கேட்டாள். அவள் மட்டும்தான் அங்கே எதையும் தப்பாகச் சொல்லாதவள்.

சிரிப்பு அடங்கியதும் இயக்குநருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். மறுபக்கம் நீண்ட நேரம் இருமல் சத்தம் கேட்டது. அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"அவங்ககிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம விட்டுடலாமான்னு யோசிச்சேன் சார்."

"எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

"ஒரு ரெண்டு நிமிஷம்."

"பரவாயில்ல. நானா இருந்தா பத்து நிமிஷம் யோசிச்சிருப்பேன். சரி, ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இளநீர் வாங்கி வச்சிருக்கீங்கல்ல? அதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. இளநீருக்கு முன்னாடி சொன்னா அது தகவல். அதுக்கு அப்புறம் சொன்னா, மறைச்சு வச்சு மாட்டிக்கிட்ட மாதிரி."

என் பணிக்காலத்தில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிடத் தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆனால் சொல்வது லேசாக இல்லை. கார் வந்து நின்றதும், நிபுணர் இறங்கும்போதே கும்பிட்டார். மெலிந்த மனிதர், காலில் தேய்ந்த பூட்ஸ். "அம்மா, உங்க அறிக்கையை ரயில்ல படிச்சேன், வீட்டுல படிச்சேன், நேத்து ராத்திரியும் படிச்சேன். நாப்பது வருஷமா நான் பார்க்காத விஷயம். நேர்ல பார்த்தே ஆகணும்னு வந்துட்டேன்" என்றார். நான் வாயைத் திறந்தேன். "முதல்ல..." என்றேன். அதற்குள் உறுப்பினர் ஒருவர் திருஷ்டி பொம்மையைக் காட்டி, அதுவும் சோதனையில் ஒரு பகுதியா என்று கேட்டார். இன்னொருவர் கொடைக்கானல் மாதிரியே இருக்கிறது என்றார். பழனியப்பன் முகம் சுருங்கியது. நான் மறுபடி, "சார், ஒரு நிமிஷம்..." என்றேன். திரும்பிப் பார்த்தால், பழனியப்பன் உபசாரத்தில் குறை வைக்கக் கூடாதென்று இளநீரைச் சீவி, ஸ்டிராவும் போட்டு, மூன்று பேர் கையிலும் கொடுத்துவிட்டார். நிபுணரின் ஸ்டிரா உதட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"சார், குடிக்காதீங்க!"

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. மூன்று பேரும் கையில் இளநீரோடு சிலையானார்கள். நிபுணர் ஸ்டிராவை உதட்டிலிருந்து விலக்கி, காய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா? ஏதாவது விழுந்திருக்கா?"

"இதுல இல்ல சார். என் அறிக்கையில விழுந்திருக்கு."

சொன்னேன். நெஞ்சில் தட்டிக் காட்டியது, கொடிக்கு முட்டுக்கொடுத்த கம்பு, ஒரு சாண் நாலு விரல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. "யார் அளந்தது?" என்று மட்டும் கேட்டார். பழனியப்பனும் செல்வமேரியும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒரு அடி முன்னால் வந்தார்கள். அந்த ஒரு கணம், இவர்களைக் காட்டிவிட்டு நான் நகர்ந்துகொள்ள வழி இருந்தது. வழி நன்றாக அகலமாகவே இருந்தது.

"இவங்க ரெண்டு பேரும் நான் சொன்னபடிதான் அளந்தாங்க சார். தப்பாச் சொல்லிக்கொடுத்தது நான்."

அவர் இளநீரைத் தரையில் வைத்தார். "அப்படின்னா உங்ககிட்ட மூணு வருஷத்து அளவு இல்ல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத ரெண்டு கணக்குதான் இருக்கு. தோட்டத்தை மூடச் சொல்லி நான் எழுத வேண்டியதுதான்."

பேசியது செல்வமேரி.

"சார், நான்தான் இப்ப இங்கிட்டு நிக்கிறேன்ல? நானே இன்னொருவாட்டி அளந்துட்டா என் கணக்கு சேர்ந்துராதா?"

நிபுணர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஒவ்வொரு மரத்துலயும் அதே இடத்துலதான் வச்சேன்னு எப்படிம்மா நம்புறது?"

"சோதிச்சுப் பாருங்க சார்" என்று அவள் செருப்பைக் கழற்றினாள்.

"அதை ஏன் கழட்டுற?"

"அப்பவும் வெறுங்கால்தான் சார். இந்த எலை காஞ்சு கெடக்குறப்ப செருப்பு வழுக்கும். இதப் போட்டுக்கிட்டு அளந்தா நான் ரெண்டு விரக்கட ஒசந்துருவேன்ல?"

முதல் தடவையாக நிபுணரின் வாயோரம் அசைந்தது. அவர் வைத்த சோதனை இது: அவள் பத்து மரங்களில் நெஞ்சுக்கு நேராக டேப் வைக்க வேண்டும். அவள் பார்க்காதபடி, மரத்தின் பின்பக்கம் டேப் இருந்த இடத்தில் அவர் சாக்பீஸால் புள்ளி வைப்பார். பிறகு டேப்பை எடுத்துவிட்டு, கடைசி மரத்திலிருந்து மறுபடி டேப் வைத்துக்கொண்டே அவள் திரும்பி வர வேண்டும். பத்தாவது மரத்தில் டேப் புள்ளிமேல் உட்கார்ந்தது. ஒன்பதிலும் அப்படியே. ஏழாவதில் அரை விரல் தள்ளியது, என் உயிரும் அரை விரல் தள்ளியது. முதல் மரத்துக்கு வந்தபோது உறுப்பினர்கள் இருவரும் மரத்துக்குப் பின்னால் குனிந்து காத்திருந்தார்கள்.

"அதே இடம்!" என்று ஒருவர் கத்திவிட்டார்.

நிபுணர் கைகளைத் தட்டி சாக்பீஸ் பொடியை உதறினார். "சரி. எல்லா மரத்தையும் அளம்மா."

அதற்குப் பிறகு நடந்தது ஆராய்ச்சி மாதிரியே இல்லை, மீன் ஏலம் மாதிரி இருந்தது. செல்வமேரி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மரம் மரமாக ஓடுவாள், அளவைக் கூவுவாள். பழனியப்பன் பழைய பதிவேட்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்து, அவள் கடைசியாக எடுத்த எண்ணைப் படித்து, இரண்டையும் ஒப்பிட்டு அறிவிப்பார்.

"முப்பத்தெட்டு... ஏறியிருக்கு!"

"முப்பத்தொம்பது... ஏறியிருக்கு!"

"நாப்பத்தொண்ணு... ஆத்தாடி, நல்லாவே ஏறியிருக்கு!"

இடம் விட்ட பாதிக்குள் நுழைந்ததும் அவர் குரல் இன்னும் உயர்ந்தது. நெருக்கமாக நின்ற மரங்கள் கொஞ்சம் பருத்திருந்தன. இடம் கிடைத்த மரங்கள் அதைவிடத் தெளிவாகப் பருத்திருந்தன, அந்த வறட்சியிலும். எந்தக் கேள்விக்காகத் தோட்டம் போட்டோமோ அதற்குப் பதில் அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது. நான்தான் அதன்மேல் ஓர் அறிக்கையைப் போட்டு மூடி வைத்திருந்தேன். உறுப்பினர்கள் "ஏறியிருக்கு"க்குக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். படம் எடுக்க வந்து கேட்டுக்கு வெளியே காத்திருந்த ஒரு ஜோடியும், எதற்கென்று தெரியாமலே சேர்ந்து தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அறுபத்து மூன்றாம் மரத்தில் பழனியப்பன் குரல் நின்றது.

"இது... எறங்கியிருக்கு."

செல்வமேரி திரும்ப அளந்தாள். நிபுணரே டேப்பை வாங்கி, அவள் காட்டிய இடத்தில் அளந்தார். கொஞ்சம்தான், ஆனால் குறைவுதான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, இது ஏன் குறைஞ்சிருக்கு?"

பட்டை உரிந்திருக்கலாம். செல்வமேரி அன்றைக்கு எண்ணை மாற்றி எழுதியிருக்கலாம். என் பழைய கோட்பாடுகூட, இந்த ஒரு மரத்திலாவது எனக்கு இடம் கொடேன் என்று உள்ளேயிருந்து கெஞ்சியது. வாய்வரைக்கும் வந்த மூன்று விளக்கங்களையும் விழுங்கினேன்.

"தெரியல சார்."

அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். "இன்னைக்கு நீங்க சொன்னதுலயே இதுதான் எனக்குப் பிடிச்சது" என்றார்.

தோட்டத்தை மூடவில்லை. அடுத்த வருடத்திலிருந்து எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் பெயின்ட் வளையம் போட வேண்டும், இரண்டு பேர் தனித்தனியாக அளக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு தொடரச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே கம்பைப் பிடுங்கிக்கொண்டு வந்து வளையம் போட ஆரம்பித்தோம். துணிக்கொடி தரையில் கிடந்தது. செல்வமேரி மிச்சப் பத்திரிகைகளைக் கொடுக்கப் போகாமல், தாவணியெல்லாம் வெள்ளைப் பெயின்ட் ஆகும்வரை எங்களோடு நின்றாள். அவள் கல்யாணத்துக்கு நானும் பழனியப்பனும் ஒரே பைக்கில் போனோம். அது தனிக்கூத்து.

உரைக்குக் கூப்பிட்ட கல்லூரிக்கு நானே போன் செய்து, வரவில்லை என்று சொன்னேன். அறிக்கையைத் திரும்பப் பெறுவதற்கான கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பழக்கதோஷத்தில் முதலில் பின்னணி, சூழல் என்று இரண்டு பக்கம் போனது. கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதினேன்: "மரங்கள் இளைக்கவில்லை. அளந்தவர்களின் உயரம் மாறியது. அளக்கத் தவறாகச் சொல்லிக்கொடுத்தது நான். அறிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்."

மறுநாள் இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

"கடிதம் கிடைச்சுது" என்றார். "நாலே வரி. அத்தனையும் புரியுது. ஏம்மா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"